ஸ்டாக்குக்குப் போன வண்டி

வண்டி பழைய வேகத்திலேயே இருந்திருந்தால் ஜெசிந்தா பிழைத்திருப்பாரா? அடக்கத்துக்கு வந்த பலர் என்னிடம் இதைக் கேட்டார்கள். நீங்கள்தான் படித்தவர், நீங்கள்தான் அவருடன் ஒர்க்ஷாப்புக்குப் போனவர், சொல்லுங்கள் என்றார்கள். எனக்குத் தெரியாது. எந்த வண்டியில் வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று பணியிலிருந்த மருத்துவர் சொன்னாராம். மருத்துவர்கள் ஆறுதலுக்காகவும் அப்படிச் சொல்வதுண்டு. அதையும் நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தி வந்தபோது மீஞ்சூரில் என் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டை அடுத்த அவருடைய குப்பத்திலிருந்து வசந்தி பேசினார். ஜெசிந்தாவின் பக்கத்து வீட்டுக்காரர்; மீன் விற்பவர். "மேடம், டீச்சரக்கா போயிட்டாங்க" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். வசந்தி, "நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். திருப்பாலைவனம் தாண்டறதுக்குள்ள கை சில்லுனு ஆயிடுச்சி" என்றார். பழைய வேகம் இருந்திருந்தால் என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்கிறோம். அதைச் சுமப்பவர் வசந்தி ஒருவர்தான்.

பொன்னேரிக் கல்லூரியில் ஜெசிந்தா கணிதம், நான் பொருளாதாரம். பல வருடங்கள் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. கடைசிவரை ஒருவரையொருவர் மேடம் என்றுதான் அழைத்துக்கொண்டோம். அது எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது.

அவருடைய காரை இதைப் படிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். தம்பி அந்தோணி வாங்கிய பழைய டீசல் கார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அதன் டர்போவை அவர் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டார், சைலன்சரை மாற்றினார், எஞ்சினின் கம்ப்யூட்டரில் எதையோ திருத்தி அழுத்தத்தை ஏற்றினார். கியர் மாற்றும்போதெல்லாம் அது உஸ் என்று சீறும். ஊரில் அதன் பெயரே உஸ். அந்தோணி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது அக்காவிடம் அதை விட்டுச் சென்றார். அதன்பிறகு பிரசவம், நெஞ்சுவலி, பாம்புக்கடி எதுவானாலும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு உஸ்தான் போயிற்று. முதல்முறை அதில் ஏறிய அன்று நான் கதவின் கைப்பிடியை விடவேயில்லை. "பயப்படாதீங்க மேடம், கணக்குப் போட்டுத்தான் மிதிக்கிறேன்" என்றார் ஜெசிந்தா. கணித ஆசிரியர்கள் இப்படிச் சொல்வது எனக்குப் பெரிய நிம்மதி தந்ததில்லை.

வசந்தியின் மகளுக்கு வலி கண்ட நாளில், மெதூருக்கு முன்னால் அந்த எஞ்சினின் காற்றுக்குழாய் பிய்த்துக்கொண்டது. கரும்புகை கக்கி வண்டி நின்றது. வழியில் வந்த ஷேர் ஆட்டோவுக்குப் பெண்ணை மாற்றினார்கள். குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. தாயும் சேயும் நலம். மறுநாள் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "போனா ஏரோப்ளேன், நின்னா பாறாங்கல்லு. எனக்கு ரெண்டுமே வேணாம் மேடம். கம்பெனியில இருந்து எப்படி வந்திச்சோ அப்படி ஆக்கிடப் போறேன்."

மீஞ்சூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பாய் பேசிய பாஷைதான் வம்பைக் கிளப்பியது. கம்பெனியிலிருந்து வந்த அதே நிலையை அவர்கள் தொழிலில் ஸ்டாக் என்பார்கள். "ஸ்டாக்குக்குக் கொண்டாந்துடலாம் மேடம்" என்று போனில் சொன்னார். ஜெசிந்தாவும் படகுத்துறையில் யாரோ கேட்டதற்கு, "வண்டி ஸ்டாக்குக்குப் போவுது" என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் ஸ்டாக் என்றால் ஒன்றுதான்: ஐஸ் போட்டு அடுக்கி, வியாபாரியின் வேனுக்காகக் காத்திருக்கும் இறாலும் நண்டும். சாயங்காலம் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இன்னா டீச்சரக்கா, எங்க பொண்ணுங்க புள்ள பெக்கப் போற வண்டியில நண்டு ஏத்தப் போறியாமே?" என்று முன்னால் நின்று கேட்டவர் வசந்திதான்.

"ஏத்தினா இன்னா? நண்டு உன்ன மாதிரி வழியெல்லாம் கத்திக்கினு வராது."

"சிரிக்காதக்கா. எந்தக் கம்பெனிக்குக் குடுத்துட்ட, அத்த சொல்லு."

ஜெசிந்தா பொறுமையாக விளக்கினார். பெரிய டர்போவை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுவது, அழுத்தத்தைக் குறைப்பது, வேகம் குறையும், ஆனால் வழியில் நிற்காது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஓர் அம்மாள் சொன்னார்: "வேகத்தக் கொறைக்கப் போறியா? அதுக்கு நீ நண்டே ஏத்திக்கோ."

கழற்றிப் போட்ட பழைய பாகங்களைத் தேடுவதே பெரும் வேலையாயிற்று. நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று யோசிக்கவில்லை. சிறிய டர்போவை அந்தோணி அனுப்பம்பட்டில் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். நல்லவேளை, அவர் அதை இன்னும் பொருத்தியிருக்கவில்லை. சைலன்சர் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. காற்று வடிகட்டி இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் பக்கத்துத் தெருவில் ஒருவர் கருவாடு போட்டு வைத்திருந்தார். வேறு டப்பா வாங்கிக் கொடுத்த பிறகே அதைத் தந்தார். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இனிமே இந்த எஞ்சின் டீசல் கேக்காது மேடம், சோறு கேக்கும்" என்றார்.

வண்டி சத்தமில்லாமல் ஊருக்குத் திரும்பியது. பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு, உஸ் வராததால் நின்றுவிட்டார்கள். மஸ்கட்டிலிருந்து அந்தோணி வீடியோவில் கூப்பிட்டார். "அதக் கொன்னுட்டியேக்கா" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சம்பாதித்ததையும் ஓய்வு நேரத்தையும் அந்த எஞ்சினில் போட்டவர் அவர்; அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜெசிந்தா, "கொல்லலடா. நீ இங்க இல்ல. நீ இல்லாம ஓடற மாதிரி ஆக்கியிருக்கேன்" என்றார். வீடியோ நின்றது. அழைப்பைத் துண்டித்தது தம்பியா, அக்காவா என்று நான் கவனிக்கவில்லை.

அந்த வாரமே ஜெசிந்தா வசந்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்தோணி போட்ட கிளச்சை மிதிக்க மூன்று பேர் வேண்டும் என்று வசந்தி முன்பு கேலி செய்வார். இப்போது கம்பெனிக் கிளச்சை அவர் ஒருவரே மிதித்தார். லைசென்ஸும் எடுத்தார். வாரம் இருமுறை ஜெசிந்தாவின் சித்தப்பா சேவியரை டயாலிசிஸுக்குப் பொன்னேரிக்கு அழைத்துப் போகும் வேலை அவருடையதாயிற்று. ஜெசிந்தாவுக்கு அதில் ஒளிக்க முடியாத பெருமை. "மேடம், என் ஸ்டூடண்ட்ல ரோட்டுல பாஸானது இவ ஒருத்திதான்" என்பார்.

டர்போவின் சூடு தணிய வேண்டும் என்று, வண்டி ஓடி நின்றதும் ஜெசிந்தா உடனே அணைக்கமாட்டார். எஞ்சினை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஓடி வந்து பொத்துனு உக்காந்தா நமக்கே மூச்சு முட்டும் இல்ல" என்பார். என் சிறிய பெட்ரோல் காருக்கு அது தேவையில்லை. பாயிடம் கேட்டு உறுதி செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் இப்போதெல்லாம் வீடு வந்ததும் அந்த ஒரு நிமிடம் உட்கார்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடக்கத்தன்று, கல்லறையிலிருந்து திரும்பியதும், மஸ்கட்டிலிருந்து வந்திருந்த அந்தோணி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "என் வண்டியா இருந்தா அக்கா பொழச்சிருக்கும்." யாரும் மறுக்கவில்லை. கால் கழுவ வசந்தி வாசலுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்துகொண்டிருந்தார். குடத்தை வைத்தார், வீட்டுக்குப் போனார், கதவைச் சாத்திக்கொண்டார். கார்ச் சாவி ஜெசிந்தாவின் படத்துக்கு அருகில் கிடந்தது. பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை அந்தோணி இறக்கினார். கழற்றிய பெரிய டர்போவும் மற்றவையும் அதில் இருந்தன. விடிந்ததும் பாயை வரச்சொல்லி எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தப்போவதாகச் சொன்னார். நான் அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் நடந்தது இது. காலையில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சேவியர் சித்தப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையுடன் வந்தார். யாரிடமும் பேசாமல் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தோணி எழுந்து போனார். "சித்தப்பா, இன்னிக்கு வண்டிய பிரிக்கப் போறேன். ஆட்டோ சொல்லட்டா?"

"பிரி. நாளிக்குப் பிரி. இன்னிக்கு என் நாளு."

"அப்ப நானே இட்டுக்கினு போறேன்."

"இன்னிக்கு நீ போவ. நீ மஸ்கட்டு போயிட்டா? போ நைனா, போய் அந்தப் பொண்ணக் கூட்டியா."

அந்தோணி உள்ளே வந்து சாவியை எடுத்துக்கொண்டு வசந்தியின் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டினார். வசந்தி திறந்ததும் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. சொன்னாரா என்றும் தெரியாது. சாவியை நீட்டியதைப் பார்த்தேன். வசந்தி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். ஒருமுறை எஞ்சின் அணைந்துபோயிற்று. மறுமுறை பிடித்தது. மதியம் கழிந்து வசந்தியும் சித்தப்பாவும் பொன்னேரியிலிருந்து திரும்பி வந்தார்கள்.