மூன்றாவது பெஞ்சின் சுவரோர இடம்

"அந்த மூணாவது பெஞ்சுல காத்தும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. செத்தவங்களுக்காக ஒரு விரக்கடை நகந்து உக்கார்ற ஆளு இந்த யோரிட் தம்மிங்கா இல்ல!"

பல்கலைக்கழக உணவறையில், பட்டாணி சூப் கிண்ணத்துக்கு மேலே கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி இப்படி முழங்கியவர், எங்கள் நாட்டு வடகோடியில் குரோனிங்கன் பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயி ஒருவரின் மகன். கட்டடங்களுக்குள் காற்று எந்த இடுக்கில் நுழைகிறது, எங்கே சுற்றுகிறது, எப்படி வெளியேறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்குத் தேவையான குணம் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. காதலித்த பெண்ணின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, அவள் அப்பாவின் கையைக் குலுக்குவதற்கு முன்னால் ஜன்னல் இடுக்கில் கைவைத்துப் பார்த்தார். காதல் அந்த இடுக்கு வழியாகவே வெளியேறிவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகம் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபைக்காரர்களுடையது. பேய், ஆவி போன்ற மூடநம்பிக்கைகளை எங்கள் முன்னோர்கள் எப்போதோ ஒழித்துவிட்டார்கள். ஆனாலும் வளாகத்துச் சிற்றாலயத்தில், மூன்றாவது பெஞ்சின் இடக்கோடியில், சுவரை ஒட்டிய இடத்தில் ஒருவரும் உட்காருவதில்லை.

அது ஃபென்னா போல்ஹாயஸ் அம்மையாரின் இடம். எபிரேய இலக்கணம் நடத்தியவர். பிரசங்கம் தொடங்கியதும் கைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருளை எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, சுருளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறி மறுகோடி வரை போகும். பெப்பர்மின்ட் இல்லாமல் பிரசங்கம் கேட்க எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது. ஒரு வியாழக்கிழமை நண்பகல் ஆராதனையில், மிட்டாய் கரைவதற்குள் அம்மையாரின் உயிர் பிரிந்தது. ஆமென் வரையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிரசங்கத்தின் போது அசையாமல், கண்மூடி உட்கார்ந்திருப்பது எங்களில் பலருடைய வழக்கம்.

அன்றிலிருந்து அந்த இடம் காலி. ஏன் என்று கேட்டால், துணைவேந்தரிலிருந்து தரை துடைப்பவர் வரை ஒரே பதில்தான்: "அங்க காத்து வருது."

காற்று என்று சொன்ன பிறகு யோரிட் சும்மா இருப்பாரா? காற்றையும் குளிரையும் அளக்கும் நான்கு கருவிகளை அந்தப் பெஞ்சைச் சுற்றிப் பொருத்தினார். ஆமோஸ், நாகூம், ஓபதியா, யோனா என்று தீர்க்கதரிசிகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தார். யோனா மட்டும், வேதத்து யோனாவைப் போலவே, அனுப்பிய இடத்தில் வேலை செய்யாது. மற்ற மூன்றும் குளிர்காலம் முழுக்க ஒரே சாட்சி சொல்லின: காற்று இல்லை.

ஆய்வேட்டோடு ஒரு தனித்தாளில் சில கூற்றுகளை அச்சிட்டு வைப்பது எங்கள் நாட்டு வழக்கம். கடைசிக் கூற்று கொஞ்சம் குறும்பாக இருக்கலாம். ஆனால் பட்டத் தேர்வில் எதைப் பற்றிக் கேட்டாலும் சபை நடுவே நின்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவருக்கு எங்கள் பல்கலைக்கழகம் பட்டம் தராது. யோரிட்டின் கடைசிக் கூற்று இது: "மூன்றாவது பெஞ்சில் காற்று வருவதில்லை. அங்கே உட்காருகிறவருக்கு எதுவும் நேராது, ஆய்வாளரே சாட்சி."

இதை அச்சுக்குப் போகும் முன்பே படித்த பேராசிரியர் வெய்மா அவரைத் தாழ்வாரத்தில் மடக்கினார். பழைய ஏற்பாடு நடத்துகிறவர், ஃபென்னா அம்மையாரின் மாணவர், மூன்றாவது பெஞ்சுக்காரர், தேர்வுக்குழுவிலும் இருந்தார்.

"ஏம்ப்பா, அந்தக் கடைசி வரி அவசியமா?"

"உண்மைதானே சார்?"

"உண்மைதான், யாரு இல்லேன்னா? காத்து இல்லேன்னு நீ நிரூபிச்சுட்டா, நாங்கல்லாம் ஏன் அங்க உக்காரலேன்னு ஒருத்தன் கேப்பானா, மாட்டானா?"

"நான் உக்காந்து காட்டறேன் சார்."

உட்கார்ந்தார். வியாழக்கிழமைதோறும் சுவரோரத்திலேயே உட்கார்ந்தார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெஞ்சின் மற்றவர்கள் மட்டும் யோரிட்டை விட்டு ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பிறகு சபையார் துதிப்பாடலாகச் சங்கீதம் பாடும்போது ஏதோ இடறியது. சபை ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், இன்னொரு குரல் பின்தங்கி வந்து அதே வரியை முடித்தது. அம்மையார் பழைய பாணியில் இழுத்துத்தான் பாடுவார் என்று யோரிட்டுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழாய்ச் சத்தமாக இருக்குமோ என்று அவர் வெப்பக் குழாயைத் தேடினார். அந்தச் சுவரில் குழாயே இல்லை. இடது தோள் குளிர்ந்தது. ஓபதியாவைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

ஆய்வேடும் தாளும் அச்சாகி ஊரெங்கும் போய்ச் சேர்ந்த வாரம். வெளியே மழை. பிரசங்கம் யோபுவின் நண்பர்களைப் பற்றி. யோரிட் தேர்வு நினைப்பில் மூழ்கியிருந்தார். பக்கத்திலிருந்து ஒரு பெப்பர்மின்ட் அவர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. எங்களில் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார். திரும்பிப் பாராமல், நன்றிக்குத் தலையை லேசாக அசைத்து, வாயில் போட்டுக்கொண்டார். அது பாதி கரைந்த பிறகுதான் உறைத்தது: வந்தது இடப்பக்கத்திலிருந்து. இடப்பக்கம் சுவர்.

ஆலயத்தில் துப்புவது முறையல்ல. விழுங்கத் துணிவில்லை. ஆமென் வரை அது நாக்கின் மேல் கிடந்தது. பாதிக்கு மேல் அது கரையவே இல்லை.

அன்று மாலை அவர் மெய்ன்டர்ட்டைத் தேடிப் போனார். மெய்ன்டர்ட் எங்கள் கோல்காரர்: தேர்வு நேரம் முடிந்ததும் வெள்ளிப்பூண் கோலோடு உள்ளே வந்து, தரையில் ஓங்கித் தட்டி, வேளை வந்துவிட்டது என்று லத்தீனில் அறிவிப்பது அவர் பணி. மற்ற நேரங்களில் சைக்கிள் நிறுத்துமிடத்தைக் கவனிப்பார்.

"அவங்க இடத்துல நான் போய் உக்காந்துட்டேன். அவங்க எங்க போவாங்க மெய்ன்டர்ட்? சுவத்துக்குள்ள வச்சு நெருக்கிட்டேன்யா. அப்பவும் மிட்டாய் குடுத்தாங்க!"

"அப்ப எதுவும் நேராதுன்னு போட்டிருக்கியே, அத எடுத்துடு."

"ஊருக்கெல்லாம் போயிடுச்சே."

"அப்ப தேர்வுல, ஒண்ணுமே நடக்கலேன்னு சொல்லிடு. பெரிய படிப்பாளிங்க சொல்லாததா?"

"தேர்வு அதே ஆலயத்துல. கடவுள் முன்னாடி நின்னு பொய் சொல்லவா? நடந்ததச் சொன்னா எனக்குப் பட்டம் இல்ல, பைத்தியக்காரப் பட்டம்தான்."

மெய்ன்டர்ட் சாய்ந்திருந்த ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். "ஜெபம் பண்ணு. நல்ல கோட்டா பாத்துப் போட்டுக்க."

தேர்வு நாளில் சிற்றாலயம் நிரம்பியிருந்தது. மூன்றாவது பெஞ்சின் சுவரோரம் மட்டும், வழக்கம்போல, காலி. காற்றின் வேகம் பற்றிய கேள்விகளையெல்லாம் யோரிட் வெளுத்து வாங்கினார். கடைசியாக வெய்மா கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"பெருமதிப்பிற்குரிய ஆய்வாளரே, உங்கள் கடைசிக் கூற்று. அந்த இடத்தில் உட்கார்ந்த தங்களுக்கு எதுவும் நேரவில்லை என்பதை இங்கே, இப்போது உறுதிப்படுத்துவீர்களா?"

வெய்மாவின் முகத்தில் கேலி இல்லை. தனக்கே தெரிய வேண்டியிருந்ததைப்போலக் கேட்டார்.

"பேரறிவாளரே, அங்கே காற்று இல்லை என்பது உறுதி."

"நான் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை."

யோரிட் சுவரோர இடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் அவர் அம்மா கைக்குட்டையைப் பிசைந்தார். "அங்கே உட்கார்ந்திருந்தபோது, எனக்கு..." என்று யோரிட் தொடங்கினார்.

கதவு திறந்தது. மெய்ன்டர்ட் நடுவழியே நடந்து வந்து கோலைத் தட்டினார். வேளை வந்துவிட்டது! கோல் தட்டிய பிறகு பேச்சு கிடையாது; பாதி வார்த்தையானாலும் விழுங்கிவிட வேண்டும். எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கோலை எதிர்த்துக் கடிகாரம் பேச முடியாது. குழு உள்ளே போய்ப் பேசித் திரும்பியது. பட்டம் கிடைத்தது.

"ஏன்யா முன்கூட்டியே வந்த? என்னக் காப்பாத்தவா?" என்று கைகுலுக்கும்போது யோரிட் கிசுகிசுத்தார்.

"முன்கூட்டியா? உள்ளேருந்து கதவத் தட்டிக் கூப்பிட்டது யாரு அப்ப? உங்க ஆளுங்க யாரும் இல்லியா?" மெய்ன்டர்ட் கேட்டுவிட்டு, கதவருகே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அங்கே நாற்காலியே இல்லை.

நன்றி ஆராதனைக்காகக் குடும்பத்தினர் பெஞ்சுகளுக்கு நகர்ந்தார்கள். புதிய முனைவர் அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். தான் முதலில் நுழைந்தார். சுவர் வரை போகவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் அம்மா பெப்பர்மின்ட் சுருளை நீட்டினார். யோரிட் ஒன்றை எடுத்துக்கொண்டு, சுருளை இடப்பக்கம் நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"டேய், அந்தப் பக்கம் யாருடா இருக்கா? தள்ளி உக்காரு. அத்தை நிக்கறா பாரு."

"வேணாம்மா," என்றார் முனைவர் தம்மிங்கா மெதுவாக. "அங்க காத்து வருது."

சுவரோர இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன மெல்லிய சங்கீதத் தாள் ஒன்று, விளிம்புகூட அசையாமல் கிடந்தது.