சித்தப்பா கட்டிய மூட்டைகள்

கடலோரமாக நாலு நாள் சைக்கிளில் போய் வரலாம் என்று அண்ணி சொன்னபோது, அந்த வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் சித்தப்பாதான். அண்ணன் குடும்பம் எங்கே கிளம்பினாலும் இவர் வீட்டுக் காவல். இந்த முறை அண்ணி தன் வாயாலேயே, "நீங்களும் வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

எப்படிப் புரியும்? அதற்குச் சில நாள் முன்புதான், துவைத்த துணி எடுக்கப் போனவர் காதில் படுக்கையறைப் பேச்சு விழுந்திருந்தது.

"பொண்ணு வளந்துட்டா. அவளுக்குன்னு ஒரு ரூம் வேணாமா? உங்க தம்பி இருக்கிற வரைக்கும் நடக்காது."

"அவன் எங்கே போவான்?"

"எங்கயாவது போகட்டும். கல்யாணமா, காட்சியா? ஒண்டிக்கட்டைக்கு ஒரு ரூம் எதுக்கு?"

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஊருக்கே கற்றுக்கொடுப்பார், சொந்த வீட்டில் மட்டும் அவருக்கு அது வராது.

சித்தப்பா ஐம்பதைத் தாண்டியவர். மருந்துக் கிடங்கில் பேக்கிங் வேலை. பெற்றவர்கள் போனபின் அண்ணன் வீடுதான் வீடு. அவருக்கும் ஒரு காலத்தில் பெண் பார்த்தார்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அண்ணி தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் எல்லோரும் அதைச் சௌகரியமாக மறந்துபோனார்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு ஆள் தேவையாக இருந்த காலம் அது. இப்போது பெண்ணுக்குப் பதினைந்து வயது, ஆள் தேவையில்லை.

ஆகவே சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இந்த நாலு நாளில், 'இவர் இல்லாமல் நமக்கு ஆகாது' என்று அவர்களுக்குத் தோன்றும்படி உழைத்துவிட வேண்டும். பாவி மனுஷன், விடைத்தாளைத் திருத்தி மார்க்கும் போட்டாகிவிட்டது என்று தெரியாமல் பரீட்சைக்குப் படித்தார்.

மூட்டை கட்டியது முழுக்க அவர்தான். கனமானது அடியில், உடையக்கூடியது நடுவில், குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. நாலு பேர் சாமானையும் தன் ஒரே சைக்கிளில் பக்கத்துக்குப் பக்கம் எடை பார்த்துக் கட்டினார். வாசலில் சைக்கிள்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி ஒரு நீலப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வைத்தாள்.

"இது நான் கட்டினது தம்பி. லேடீஸ் சாமான். நீங்க பிரிக்க வேணாம்."

"சரி அண்ணி."

அவர் வாயில் அதைத் தவிர வேறு வார்த்தை வந்து யார் கேட்டிருக்கிறார்கள்?

முதல் நாள் கொண்டாட்டமாகத்தான் போயிற்று. அவர்கள் மூவரும் வெறும் தண்ணீர்ப் பாட்டிலோடு முன்னால் பறந்தார்கள். பின்னால் சித்தப்பா மூச்சு வாங்க மிதித்துவந்தார். மேட்டில் இறங்கித் தள்ளும்போது, "லக்கேஜ் வண்டி லேட்டு!" என்று அண்ணி கைதட்டினாள், அண்ணன் சிரித்தார், பெண் அதை வீடியோ எடுத்தாள். சித்தப்பாவும் சிரித்தார். கேலி செய்கிறார்கள் என்றால் பிரியம் இருக்கிறது என்று அர்த்தமாம். இந்தக் கணக்கை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இரண்டாம் நாள் கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. நீலப் பை ஒரு பக்கமாக இழுத்து இரண்டு முறை அவரைச் சாய்க்கப் பார்த்தது. மதியம் மற்றவர்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது பையின் அடியில் எண்ணெய்க் கறை படர்வதைக் கண்டார். எதுவோ மூடி கழன்று ஒழுகுகிறது. அண்ணியின் துணியெல்லாம் பாழாகிவிடும், பழி தன் தலையில் விழும். பிரிக்காதே என்று சொன்னவள் மீது பயம்தான். ஆனால் ஒழுகுகிற மூட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருடைய கைக்குத் தெரியாது. பிரித்தார்.

உள்ளே இருந்தது அவருடைய தலைக்கு வைக்கும் எண்ணெய்.

அதன் கீழே அவருடைய சட்டைகள். கிடங்குக்குப் போட்டுப்போகும் செருப்பு. சவரக் கண்ணாடி. குளிர்காலத்து ஸ்வெட்டர். வெயில் கொளுத்தும் மாதத்தில் நாலு நாள் உல்லாசப் பயணத்துக்கு ஸ்வெட்டர்! எல்லாவற்றுக்கும் அடியில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அப்பா அம்மா படம். அது அண்ணனுக்கும் அப்பா அம்மாதான். அதையும் கழற்றி இவரோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

மணலில் அப்படியே உட்கார்ந்தார். தூரத்தில் அலை வரும்போதெல்லாம் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதிப்பது தெரிந்தது. இரண்டு நாளாக, நாக்குத் தள்ளத் தள்ள, தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றும் மூட்டையைத் தானே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் பையைக் கொண்டுபோய் அண்ணன் முகத்தில் வீசியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? எண்ணெயைத் துடைத்தார். மூடியை இறுக்கினார். படத்தை ஸ்வெட்டர் மடிப்புக்குள் வைத்து, அவள் கட்டியதைவிட அழகாகக் கட்டி ஜிப்பை மூடினார். எனக்கு வருகிற கோபத்துக்கு அவரை நாலு அறை அறையலாம்போல இருக்கிறது. ஆனால் அவர் மனசில் ஓடியது வேறு. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, மனசு மாற எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் நாள் அவர் செய்யாத வேலை இல்லை. பஞ்சர் ஒட்டினார், செயினுக்கு எண்ணெய் விட்டார், தங்கிய விடுதியில் மூன்று பேர் ஈரத் துணியையும் அலசிக் காயப்போட்டார். எதிர்காற்று வீசியபோது, மூட்டையோடு முன்னால் போய் அவர்களுக்குக் காற்றை மறைத்தார். "பரவாயில்லையே, லக்கேஜ் வண்டி ஓடுது!" என்றாள் அண்ணி. அந்த ஒரு வார்த்தையில் அவர் மதியம்வரை பிழைத்திருந்தார்.

மதியத்துக்குமேல் அண்ணன் மகள் அவர் பக்கத்தில் வந்து ஓட்டினாள். அவர் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள். இவளுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் விடமாட்டாள் என்று அவர் நம்பினார்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"எந்த ரூமுக்கு?"

"உங்க ரூமுக்குத்தான். இனிமே என் ரூம். நீங்களே அப்பாகிட்ட கேட்டீங்களாமே, கடல் பக்கமா ஒரு வேலை பாத்துக் கொடுங்கன்னு. அம்மா சொன்னாங்க. நானா இருந்தா வீட்டை விட்டுப் போகமாட்டேன்பா."

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளம் இல்லை, சந்தோஷம் மட்டும் இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"ஆமாம்மா, நான்தான் கேட்டேன்" என்றார். "இளநீலம் அடி, நல்லா இருக்கும்."

"ஐயோ, அது இப்போ இருக்கிற மாதிரியே இருக்கும். வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் முந்திப் போய்விட்டாள்.

நாலாம் நாள் துறைமுக ஊரில் பயணம் முடிந்தது. அண்ணன் அவரை மட்டும் ஒரு மீன் ஏற்றுமதிக் கிடங்குக்கு அழைத்துப்போனார். பின்பக்கம் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு ஆணி, எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். ஐஸ் உருகிய தண்ணீர் வாசல்வரை வந்து நின்றது.

"ஓனர் நம்ம ஃபிரெண்டுதான்டா. பேக்கிங்குக்கு ஆள் கேட்டான். ரெண்டு மாசம் இருந்து பாரு. பிடிக்கலைன்னா..."

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

"அண்ணே, நான் வீட்ல யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன். கூடத்துல படுத்துக்கறேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார் அண்ணன், அதையும் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெளியே, அவர்கள் திரும்பிப் போக ஒரு வேன் வந்திருந்தது. அண்ணன் சைக்கிள்களை ஏற்றிய லட்சணத்தில் இரண்டிலேயே வண்டி நிறைந்துவிட்டது. மூன்றாவது வெளியே நின்றது. டிரைவர் அலுத்துக்கொண்டார், அண்ணி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சித்தப்பா எல்லாவற்றையும் இறக்கினார். ஹேண்டில்களைத் திருப்பினார், பெடல்களைக் கழற்றினார், ஒன்றைத் தலைமாற்றி நிறுத்தினார், சக்கரங்களுக்கு நடுவில் மூட்டைகளைச் செருகினார். மூன்று சைக்கிளும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. இந்தப் பக்கம் நல்ல அகலமாக இடம் விழுந்தது.

அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, அண்ணி எதிரிலேயே, யாரும் கேட்காமல் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இடம் இருக்கு. இன்னொரு சைக்கிள் தாராளமா நிக்கும். ஒரு ஆளும் ஓரமா உட்காந்துக்கலாம்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எட்டி வேனுக்குள் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான்.

"அட, ஆமா!" என்றாள். "அப்போ காலையில கடைவீதியில பாத்தோமே, அந்தப் பிரம்பு நாற்காலியை வாங்கிடலாங்க. இவ ரூமுக்குப் பொருத்தமா இருக்கும். இடம் பத்தாதுன்னுதானே விட்டுட்டு வந்தோம்."

அண்ணன் விட்டால் போதும் என்று கடைவீதிக்கு ஓடினார். நாற்காலி வந்தது. வெள்ளை வர்ணம் பூசியது, அழகாகத்தான் இருந்தது. அதை ஏற்றத் தெரியாமல் அண்ணன் முட்டிமோத, சித்தப்பா கையில் வாங்கினார். வர்ணம் உரசாமல் இருக்க நாலு காலுக்கும் பழைய பேப்பர் சுற்றினார். தான் கேட்ட இடத்தில் அதைக் கவனமாக இறக்கி, ஆடாமல் கட்டினார். பிறகு தன் நீலப் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"போய்ட்டு வரோம் சித்தப்பா!" என்று பெண் கையாட்டினாள். அண்ணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்கதவின் கொக்கியை வெளியிலிருந்துதான் போட முடியும். சித்தப்பா அதைப் போட்டார், இழுத்துப் பார்த்தார், சரியாக விழுந்திருந்தது. கிடங்கில் லோடு முடிந்ததும் டிரைவருக்குத் தட்டுவதுபோல வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். வேன் கிளம்பியது.