புரியாமல் சொன்ன வேண்டாம்

நிருபமா நடத்திய நிறுவனத்துக்கு நோயாளிகளின் வீடுகளில்தான் வேலை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்சு அனுப்புவார்கள். ஆக்சிஜன் மிஷினை வாடகைக்குத் தருவார்கள், சிலிண்டர் தீர்ந்தால் மாற்றித் தருவார்கள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்த வருஷம் ஒரு நல்ல நர்சு கிடைக்காமல் மல்லேஸ்வரம் முழுக்க அலைந்தாள். அந்த அலைச்சலில் பிறந்த தொழில் அது. ஆரம்பத்தில் இரண்டே நர்சுகள். யாருக்கு எது வேண்டுமானாலும் அவளுடைய சொந்த மொபைலில் கூப்பிடுவார்கள்.

தொழில் வளர்ந்தபின் அவளே ஒரு விதி போட்டாள். நர்சுகள் தங்கள் எண்ணை யாருக்கும் தரக்கூடாது; எந்த அவசரமானாலும் நிறுவனத்தின் ஒரே எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கம்ப்யூட்டர் வழியாகப் பிரித்து அனுப்பும் வேலை ஒரு வெளிக் கம்பெனியிடம் இருந்தது.

அந்தக் கம்பெனியோடு நடக்கும் கூட்டங்களில் நிருபமா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பு ஒரு கூட்டத்தில், "கிளவுட், கிளவுட்னு சொல்றேளே, நம்ம கம்ப்யூட்டர் எங்கதான் இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். எதிரே இருந்த இளைஞர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. இருந்தாலும் அவளுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்தில் எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை. எல்லோரும் போனபின் அவளுடைய ஐடி மேனேஜர் டெஸ்மண்ட் அறைக்கு வந்து, "மேடம், இவங்க சொன்னது இவ்வளவுதான்" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவான். அது போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் தங்கையின் கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தான். நிருபமா, அக்கா பெண் ஷ்ரேயாவின் சீமந்தத்தில் இருந்தாள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது போன் வந்தது. வெளிக் கம்பெனியின் சப்போர்ட் பிரிவில் அன்று பொறுப்பில் இருந்த அசோகன் பேசினான்.

"மேடம், டெஸ்மண்ட் சார் போன் எடுக்கல. உங்க பிரைமரில இஷ்யூ இருக்கு, கால்ஸ் க்யூல மாட்டுது. ஃபெயில்ஓவர் பண்ணிடட்டுமா? உங்க அப்ரூவல் வேணும்."

ஃபெயில் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. "ஃபெயிலா? அதெல்லாம் வேண்டாம்ப்பா. இருக்கறதையே சீக்கிரம் சரி பண்ணுங்கோ."

"வேண்டாம்னு கன்ஃபர்ம் பண்றீங்களா மேடம்?"

என்ன சொல்கிறான் இவன் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் ஷ்ரேயாவின் மாமியார் நின்றுகொண்டு, இவள் போனை முடிப்பதற்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். "ஆமாம், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு போனைக் கைப்பையில் போட்டாள். இவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவி சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று அசோகனும் நினைத்துக்கொண்டான்.

அதே நேரத்தில் ஒக்கலிபுரத்தில் ஒரு சந்து வீட்டில் கரண்ட் போயிருந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிருஷ்ணப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், நிருபமாவின் நிறுவனம் தந்த ஆக்சிஜன் மிஷின் வைத்துத்தான் மூச்சு. மிஷின் நின்றதும் மகள் ரூபினி சிலிண்டரை மாட்டினாள். சிவாஜிநகர் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண் அவள். ஞாயிறு ஆனதால் வீட்டில் இருந்தாள். சிலிண்டரின் முள் சிவப்புக்கு இறங்குவதைப் பார்த்து நிறுவனத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லும் பாட்டு வந்தது. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் பாட்டு. அப்பாவின் உதடு நிறம் மாறத் தொடங்கியதும் போனை எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் அவரை ஏற்றினாள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் அவள் மடியிலேயே அவர் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை கிருஷ்ணப்பா இறந்த செய்தி நிருபமாவுக்கு வந்தது. பிறகு வெளிக் கம்பெனியின் ரிப்போர்ட்டும் வந்தது. கோளாறு எப்படி வந்தது, எப்படிச் சரியானது என்று பல வரிகள். நடுவில் ஒரு வரி: ஃபெயில்ஓவர் செய்ய வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். டெஸ்மண்ட் அதைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஃபெயில்ஓவர்னா என்ன டெஸ்மண்ட்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முதல் லைன் கெட்டுப்போனா, ரெடியா இருக்கற இன்னொரு லைனுக்கு மாத்தறது மேடம். அதுக்குத்தான் ரெண்டாவதா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம்."

"மாத்த நாழியாகுமா?"

"இல்ல மேடம். நீங்க சரின்னிருந்தா உடனே மாறியிருக்கும்."

அவள் கதவைச் சாத்தச் சொன்னாள். அவன் போனபின் அழுகைகூட வரவில்லை. 'வேண்டாம்' என்ற தன் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவன் சுதீர் பதறினான். "வக்கீல் என்ன சொன்னார்? அந்தாத்துப் பக்கமே போகாதேன்னார். தமிழ்ல சொல்லாதது அந்த சப்போர்ட்காரன் தப்பு. நீ ஏன் தலையைக் கொடுக்கறே?"

"அவன் கேட்டான் சுதீர். ரெண்டு தடவை கேட்டான்."

காரியம் முடியட்டும் என்று காத்திருந்து ஒக்கலிபுரம் போனாள். சுவரில் மாலை போட்ட படம். மூலையில் ஆக்சிஜன் மிஷின், மேலே துணி போர்த்தி. ரூபினி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எத்தன வாட்டி போட்டேன் தெரியுமா மேடம்? பாட்டுதான் வந்துது. இப்பகூட கடையில யாரோட போன்லனாச்சும் அந்தப் பாட்டு வந்தா பில்ல பாதியில விட்டுட்டு வெளிய போயிடறேன்."

நிருபமா வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "லைன் கெட்டுப்போச்சு. வேற லைனுக்கு மாத்தட்டுமான்னு என்னைக் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவங்க சொன்ன வார்த்தை எனக்குப் புரியல. புரியலன்னு சொல்லாம வேண்டாம்னுட்டேன்."

ரூபினி நாற்காலி துடைத்த துணியை மடித்து வைத்தாள். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நிருபமா எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"என்னான்னு கேக்கறதுக்கு என்னா மேடம்?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அப்போது கிருஷ்ணப்பாவின் மனைவி தனக்கோடி உள்ளே வந்தார். கோயிலிலிருந்து திரும்பிய கையோடு, யார் என்று தெரிந்ததும் நிருபமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே வந்தீங்களேம்மா. உங்க ஆளுங்க நல்லா பாத்துக்கினாங்க. அன்னிக்குன்னு கரண்ட் போச்சு. அவருக்கு டைம் வந்துடுச்சு, யார் என்னா பண்ண முடியும்?"

நிருபமா வாயைத் திறந்தாள். தனக்கோடியின் தோளுக்குப் பின்னாலிருந்து ரூபினி மெல்லத் தலையை அசைத்தாள். நிருபமா வாயை மூடிக்கொண்டாள். தனக்கோடி கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

சந்து முனை வரை ரூபினி கூடவே வந்தாள். "அவர் பொழச்சிருப்பார்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க. அவங்க அப்படியே நெனச்சிக்கினு இருக்கட்டும். நீங்க மன்னிப்பு கேக்கறேன்னு மறுபடி வந்துடாதீங்க மேடம்."

"நான் வேற ஏதாவது..."

"மிஷின எடுத்துக்கினு போகச் சொல்லுங்க. ஆனா நீங்க வராதீங்க."

அசோகனுக்கும் நிருபமா போன் செய்தாள். அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தான். "இன்னொரு லைனுக்கு மாத்தட்டுமான்னு நான் கேட்டிருக்கலாம் மேடம். அந்த வார்த்தையையே சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு" என்றான். "நானும் என்னன்னு கேட்டிருக்கலாம்ப்பா" என்றாள் நிருபமா.

இரண்டாவது லைனுக்கு இப்போது யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதல் லைன் கெட்டால் தானாகவே மாறும். ஒவ்வொரு வீட்டுக்கும் நர்சின் சொந்த எண் போகிறது. கூட்டங்களில் நிருபமா யாரையும் பாதியில் நிறுத்துவாள். "லேட்டன்சி, லேட்டன்சிங்கறேளே, அப்படின்னா? அதனால கூப்பிடறவாளுக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லுங்கோ." சில இளைஞர்கள் இன்னமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் அதைக் கவனிப்பதே இல்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். புரியாவிட்டால் மறுபடி கேட்கிறாள்.

தனக்கோடி ஒருமுறை நிறுவனத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டு, வருஷத் திதிக்கு அந்த அம்மா வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்தாராம். நிருபமா பூவும் பழமும் வாங்கி டெஸ்மண்டிடம் கொடுத்து அனுப்பினாள். மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள்.