கதவு பிடிக்கிறவள்

என் அக்காவின் தொழில் கதவு பிடிப்பது. சிரிக்காதீர்கள். பழைய கார்க் கதவு ஒன்றை ஒரு தடவை தாங்கிப் பாருங்கள், உங்கள் இடுப்பு பதில் சொல்லும்.

அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, பழைய கார்களின் கதவுக் கீல்களைச் சரிசெய்கிறவர். வருஷக்கணக்கில் திறந்து மூடினால் கீலுக்குள் இருக்கும் ‘பின்’ என்கிற இரும்புக் குச்சி தேய்ந்துவிடும். கதவு தொங்கும், தூக்கிச் சாத்தினால்தான் பூட்டும். தேய்ந்த பின்னைத் தட்டி எடுத்துப் புதுசு இறக்கும்வரை யாராவது கதவைத் தாங்க வேண்டும். ஜாக்கி வைக்கலாமே என்று கேட்டால் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஜாக்கி வாயத் தொறந்து பேசுமா?" என்பார்.

அக்கா பேசுவாள். கதவை முழங்காலிலும் வலது கையிலும் தாங்கி, இடது விரல்களால் கீலைத் தடவிப் பார்த்து, துளைகள் நேரானதும் "ம், அடிங்க" என்பாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான்.

அந்த இடது கை ஆறு மாதமாக மரத்துப்போயிருந்தது. எனக்கு மட்டும் தெரியும். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கிறேன். ஒருநாள் எனக்குத் துணி பிடித்துக் கொடுத்தபோது, ஊசி அவள் விரலில் ஏறி நின்றதை நான்தான் பார்த்துச் சொன்னேன். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"போனா கனம் தூக்காதேம்பாரு. அப்புறம் நான் வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். மாமாகிட்ட மூச்சு விட்டே, நான் உனக்கு அக்கா இல்ல."

விடவில்லை. வாக்குக் கொடுத்த வீரன் அல்லவா, காப்பாற்றினேன்.

போன வாரம் ஒரு கறுப்புக் கார் வந்தது. மேல் கீலின் இரும்புப் பின் துருவேறி அசைய மறுத்தது. மாமா காஸ் டார்ச்சால் கீலைச் சூடாக்கித் தட்டி எடுத்தார். கீல் ஆறிவிட்டதா என்று தொட்டுச் சொல்வதும் அக்கா வேலைதான். தொட்டாள்.

"ஆறிடுச்சு. பின்னை வைங்க."

பின்னை வைத்துச் சுத்தியலை ஓங்கிய மாமா அப்படியே நின்றார். தோல் கருகும் வாடை என் கடைவரை வந்தது. எழுந்து ஓடினேன்.

"ஏன் நிக்கிறீங்க? அடிங்க" என்றாள் அக்கா, விரலை எடுக்காமல்.

மாமா சுத்தியலைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார். கதவு சரிந்து, கண்ணாடி நொறுங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயடியில் அவள் கையைத் தண்ணீரில் காட்டியபடி கேட்டார். "எத்தன நாளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது. மாமாவும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு மாசமா, மாமா."

"ஆறு மாசமா இவ சொன்னத நம்பி அடிச்சிருக்கேன்டா. ஒருநாள் அடி இவ விரல் மேலயே விழுந்திருந்தா?" அவர் குரல் உடைந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

அக்கா கொப்புளம் கண்ட விரல்களை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே கதவுக்கு வேற ஆளப் போட்டுக்குவீங்களா?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அவள் கையைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"போடணும்ல" என்றார்.

அப்போதுதான் அக்கா அழுதாள்.