ரெண்டு உழவு மழை

தாஜ்மகாலுக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் நிற்கிற போட்டோ ஒன்று என் போனில் இருக்கிறது. அதில் இவர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கல்யாண ஆல்பத்திலேயே பல்வலிக்காரர் மாதிரி நின்ற மனுஷர் இவர். பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி இப்படிச் சிரிச்சு நாங்க பாத்ததே இல்லையே" என்று அதிசயப்படுகிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தச் சிரிப்புக்காக நான் ஒரு பொய் சொன்னேன்.

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஐந்து நாள் சுற்றுலா. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள். தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லாத வருஷம் கிடையாது. "வெள்ளாமை முடியட்டும்" என்று இவர் சொல்லாத வருஷமும் கிடையாது. கூட்டம் குறைவாக இருக்கும் மாதமாகப் பார்த்துப் போட்டாளாம். புரட்டாசியில் போட்டிருந்தாள். கோவில்பட்டியை அடுத்த பசுவந்தனைப் பக்கம் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குப் புரட்டாசி மறந்து போயிற்று.

புரட்டாசி எங்களுக்கு விதைப்பு மாதம். கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது, எல்லாம் மேலே இருந்துதான் வர வேண்டும். மழைக்கு முன்பே காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. நல்ல மழை விழுந்தால் மற்றவர்கள் விதைக்கக் கிளம்பும்போது நம் காட்டில் பயிர் முளைத்து நிற்கும். வெறும் தூறல் விழுந்தால் தொலைந்தோம். விதை முளைவிட்டு, ஈரம் பற்றாமல் மண்ணுக்குள்ளேயே கருகிவிடும்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டிராக்டரைப் பிடித்து, நான்கு ஏக்கரிலும் உளுந்தை விதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெதைச்சாச்சு. இனி நிம்மதியா ஊர் சுத்திட்டு வருவோம்" என்றார்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தவர் எங்கே நிம்மதியாகச் சுற்றுவது? மதுரையில் விமானம் ஏறியதிலிருந்து ஜன்னல் வழியாக மேகத்தையே எண்ணிக்கொண்டு வந்தார். செங்கோட்டையில் எல்லோரும் வாசலை அண்ணாந்து பார்க்க, இவர் புல்தரை ஓரத்தில் குந்தி மண்ணை எடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தார். "இந்த மண்ணுல தண்ணி நிக்காதுட்டி" என்று எனக்கு ஒரு செய்தி. குதுப்மினாருக்குப் போனோம்.

"எவ்வளவு உசரம், மேல பாருங்க" என்றேன்.

பார்த்தார். "மேகம் கிழக்காம போகுது" என்றார்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனை எடுத்து மழைப் படத்தைப் பார்ப்பார். தூத்துக்குடிக்கு மேலே பச்சை நிறம் வந்துவிட்டதாம், கோவில்பட்டிக்கு இன்னும் வரவில்லையாம். பிறகு பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போன். அவரும் பாவம், சலிக்காமல் பதில் சொன்னார். எங்களோடு வந்த மற்ற ஜோடிகள் ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை எடுக்க ஆளில்லை. அன்று ராத்திரி ஓட்டல் அறையில் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து வந்ததற்கு, இவரைக் காட்டிலேயே கட்டிப் போட்டுவிட்டு நான் மட்டும் வந்திருக்கலாம். நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், இந்த மனுஷர் என்னோடு நின்று அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

மறுநாள் ஆக்ரா. தாஜ்மகால் வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இவருடைய இடுப்பு மடிப்பிலிருந்து வெற்றிலைப் புகையிலைப் பொட்டலத்தைப் பிடித்துவிட்டார்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாது, வெளியே வைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். போகிற போக்கில் தன் போனை என் கையில் திணித்தார்.

"அங்கன மேகம் இறங்குதுன்னு சொன்னாவ. போன் வந்தா எடு. எத்தன உழவு மழைன்னு கேட்டு வையி."

ஒரு தடவை உழுவதற்குத் தாங்கும் ஈரம் இருந்தால் எங்கள் பக்கம் அதை ஒரு உழவு மழை என்போம். இவர் தலை மறைந்ததுமே போன் அடித்தது. பக்கத்துக் காட்டுக்காரர்தான்.

"மதினி, வெறும் தூத்தல். புழுதி அடங்கியிருக்கு, அவ்வளவுதான். உங்க காட்டுல வெரல விட்டுப் பாத்தேன், ஒரு வெரக்கட ஈரம் இல்ல. வெத மொளவிட்டுக் கருகிரும். நான் நாளைக்கு மறு வெதைக்குக் கோயில்பட்டி போறேன். கடையில இப்பவே தட்டுப்பாடா இருக்கு. அண்ணாச்சிக்கும் சேத்து எடுக்கட்டான்னு கேட்டுச் சொல்லுங்க."

களை எடுக்க நான் வேண்டும், காய் பறிக்க நான் வேண்டும். என்ன விதை, எப்போது விதைப்பு என்பது மட்டும் என்றைக்கும் இவர் பாடு. நான் வாயைத் திறந்தால், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பார். எதிரே வளைவுக்குள் ஒரு துண்டு வெள்ளையாகத் தாஜ்மகால் தெரிந்தது.

"கேக்க வேண்டாம். நாலு ஏக்கருக்கும் உளுந்தே எடுத்துருங்க" என்றேன். "அவியகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிடுதேன்." சொன்ன கையோடு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

இவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "போன் வந்துதா?"

"வந்துச்சு. ரெண்டு உழவு மழையாம்."

ஒரு உழவு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் இரண்டு வந்துவிட்டது.

"ரெண்டா! ஓடையில தண்ணி வந்துருக்காமா?"

"வந்துருக்காம்."

"அந்தப் போனைக் குடு, ஒரு வார்த்த பேசிருவோம்."

"சார்ஜ் போயிருச்சு. என் போன்ல அவரு நம்பர் இல்ல."

அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வயது குறைந்துவிட்டது. நடையிலேயே ஒரு துள்ளல். தோளில் கைபோட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். ஊர்த் தெருவில் என்னோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிற ஆள். ஒரு வெளிநாட்டுக்காரரைச் சைகையால் கூப்பிட்டு, "படம், படம்" என்று தமிழிலேயே சொல்லிப் போட்டோ எடுக்கச் சொன்னார். அதுதான் அந்தப் போட்டோ. பளிங்குத் தரையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த நேரம் உளுந்தும் கரிசலும் எப்படிப் போனால் என்ன என்று இருந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஓட்டலுக்குத் திரும்புகிற வரைதான். ஜெய்ப்பூரில் இவர் கோட்டை கோட்டையாக ஏறினார், என் கண்ணில் எதுவும் படவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரிடம், "எங்க ஊர்ல ரெண்டு உழவு மழை சார்" என்று பெருமையடித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன். போனை எடுத்தாரானால் யாருக்கு என்று எட்டிப் பார்ப்பேன். ஆனால் இவர் யாரையும் கூப்பிடவில்லை, மழைப் படத்தையும் திறக்கவில்லை. "பெஞ்ச பொறவு கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்று நன்றாகத் தூங்கினார். விதை கிடைத்ததா, நான் உளுந்து சொன்னது சரிதானா, பாசிப்பயறு சொல்லியிருக்க வேண்டுமா என்று நான்தான் புரண்டுகொண்டு கிடந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரருக்கு இரண்டு தடவை போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மதுரையில் இறங்கிக் கோவில்பட்டி பஸ் ஏறினோம். சாத்தூர் தாண்டியதும் இவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் புழுதி பறந்தது.

"இங்கன பெய்யல போலுக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பக்கம் மட்டும் எறங்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸுக்காக நின்றபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூறல்தான் என்பதையும், பொய் சொன்னதையும், மறு விதை எடுக்கச் சொன்னதையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் டெல்லியில் சேர்த்து வைத்ததையெல்லாம் நானும் திருப்பிக் கொட்டியிருப்பேன். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

ஊரில் இறங்கிய இவர் வீட்டுக்கு வரவில்லை. போட்டிருந்த புதுச் செருப்போடு காட்டுக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் இரண்டு விதை மூட்டைகள் சுவரோரமாகச் சாத்தி இருந்தன. பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தேன். உளுந்து. நல்ல உளுந்து.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர் வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முளை வெளியே வந்து கறுத்துப்போன நாலைந்து விதைகள். மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நீயா உளுந்துன்னு சொன்ன?"

"ஆமா."

"சரியாத்தான் சொல்லிருக்க."

மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார். செருப்பெல்லாம் கரிசல் புழுதி. "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத" என்றார். "அங்கன ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம்லா. அந்த வெள்ளக் கட்டடத்த நான் பாக்கவே இல்லட்டி. ரெண்டு உழவுன்னு நீ சொன்னதும் நம்ம காடு நனஞ்சு கெடக்கதுதான் கண்ணுல நின்னுது. கடைசி வர அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. பொய்யும் சொல்லி, இரண்டு நாள் தூக்கமும் போய், கடைசியில் நான் தனியாகத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கோபப்படலாம் என்று பார்த்தால் அந்தக் கறுத்த முளைகளை இவர் இன்னும் கீழே போடாமல் வைத்திருந்தார்.

"தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் இன்னொரு தடவ போவோம். பாக்குதேன், சத்தியமா" என்றார்.

நான் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தேன். துண்டு மேகம்கூட இல்லை.

"மழை பெஞ்சா" என்றேன்.