மீன் டின்னுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து

இன்னிக்குக் காலையில செங்கம் ரோடு மளிகைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். உள்ள ஃபுட் இன்ஸ்பெக்டர் நின்னுட்டிருந்தார்.

ஃபாரின்காரங்களுக்குன்னு கடைக்காரர் அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சு விக்கிற டின் மீனெல்லாம் வெளியே வந்திருந்துச்சு. தேதி முடிஞ்சு, டின்னெல்லாம் உப்பிப் போய், ஒண்ணு கசிஞ்சு நாறிட்டிருந்துச்சு.

"பறிமுதல் பண்றேன். யாராச்சும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க"ன்னார் இன்ஸ்பெக்டர்.

"இன்னிக்குப் பௌர்ணமி சார், கிரிவலம் போறேன். மீன் பேப்பர்ல என் பேரா?"ன்னு ஒருத்தர் நழுவினார். பின்னாடியே எல்லாரும் போயிட்டாங்க. கெட்டுப்போனதை ஏன்யா வித்தேன்னு ஒருத்தரும் கேக்கல.

நான் போட்டேன்.

வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஹவுஸ் ஓனர் அம்மா வாசல்ல நிக்கிறாங்க.

"மீன் கேஸ்ல உன் பேர் இருக்காமே? இது சைவ வீடும்மா. மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடு."

அவங்க கையில தயிர் பாக்கெட். அதே கடையில வாங்கினது.

செங்கம் ரோடு பக்கம் ரூம் இருந்தா சொல்லுங்க. நான் முட்டையைக்கூடத் தொடாதவ. அதுக்காவது யாராச்சும் சாட்சிக் கையெழுத்துப் போடுவீங்களா?