தண்ணீர் வரும்வரை ஒன்பது குழி

நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் நிலத்தில் நெல் விளையும், நெல்லுக்குப் பின் பயறு விளையும், பயறுக்குப் பின் கோல்ஃப் விளையும். மூன்றாவது மட்டும் என் சாகுபடி. பங்குனியில் பயறு பறித்து முடித்தால், ஆனியில் வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வரும்வரை வயல் காய்ந்து வெடித்துச் சும்மா கிடக்கும். அந்த மூன்று மாசமும் அப்பாவின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்துக்கு நான்தான் மிராசுதார்.

மட்டை, அம்மாவின் அண்ணன் கொண்டுவந்தது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். யாரோ ஓர் அதிகாரி வீட்டைக் காலி செய்தபோது கழித்துப்போட்ட இரும்புத் தலை மட்டை ஒன்றும் இரண்டு வெள்ளைப் பந்துகளும் அவர் பெட்டியில் வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டில் அந்த மட்டையை மூங்கில் கழியில் கட்டி முருங்கைக்காய் பறித்தார்கள். பெயர், பிரான்சு தொரட்டி. எனக்குப் பத்து வயசிருக்கும்போது அதைக் கழியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய், எப்படி ஆடுவது என்று மாமாவையே கேட்டேன்.

“எனக்கென்னடி தெரியும்? அடிக்கணும். அடிச்சது எங்க விழுதோ அங்க நடந்து போவணும். ஓடப்படாது. துரைங்க யாரும் ஓடி நான் பாத்ததில்ல” என்றார்.

விதிப்புத்தகம் அவ்வளவுதான். மொத்தம் பதினெட்டுக் குழி என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஆறு மாவில் ஒன்பதுதான் கொண்டது. பால்மாவு டப்பா ஒன்பதை விளிம்பு வரை மண்ணில் புதைத்தேன். வந்த பந்துகளில் ஒன்று குளத்தில் போயிற்று, இன்னொன்றை நாய் கவ்விக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு காய்ந்த புன்னைக்கொட்டைதான் பந்து. ஆத்திரத்தோடு அடித்தால் கொட்டை இரண்டாகப் பிளந்துவிடும். அம்மாவிடம் அடங்காத என் கோபம் புன்னைக்கொட்டையிடம் அடங்கியது. மெல்ல, தாழ்வாக, தரையோடு போகும்படி அடிக்கப் பழகினேன். கொட்டை டப்பாவுக்குள் விழும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையை வேறு எதன் மேலும் வைத்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

ஊர் சும்மா இருக்குமா? “பொட்டப்புள்ள வயக்காட்டுல கொட்டைய வெரட்டிக்கிட்டுத் திரியுது” என்று அடுத்த வயல்காரரின் மனைவி அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா என்னைத் திட்டினாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “தண்ணி வந்தன்னிக்கு நிறுத்திடணும். அப்பறம் அந்தக் கட்டையோட வயல்ல கால வெச்ச, தொலைச்சிடுவேன்.”

ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு ஒரு வெறி பிடித்தது. ஒன்பது குழியையும் மொத்தம் நாற்பது முறை அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று இறங்கிக்கொண்டே வந்தேன். அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் தண்ணீர் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா சொரூபத்தின் முன் முழங்காலிட்டு, “இன்னும் பத்தே நாள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள் தாயே” என்று வேண்டிக்கொண்டேன். விவசாயி வீட்டுப் பெண் வேண்டுகிற வேண்டுதலா அது!

பத்து நாளில் வரவில்லை. இருபது நாளிலும் வரவில்லை. எங்கள் ஊர் கடைமடை. மேலே எல்லாரும் பாய்ச்சிக்கொண்டு மிஞ்சினால்தான் எங்களுக்கு. அந்த வருஷம் மேலேயே இல்லை என்றார்கள். அப்பா காலையிலும் மாலையிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். விதைநெல் மூட்டை கூடத்தில் அப்படியே இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “தண்ணி வந்துச்சாப்பா?” என்று தினமும் கேட்பேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். குறுவை போய்விட்டது. ஆடிப் பதினெட்டுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்கள் கைப்பம்பில் அடித்த தண்ணீரைக் குடத்தில் வைத்துப் படைத்தார்கள். அன்று சாயங்காலம் நான் முப்பத்தெட்டில் முடித்தேன். கடைசிக் கொட்டை ‘டொக்’ என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அல்ல.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

“தண்ணி வரக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் சாமி.”

“எந்தத் தண்ணிம்மா?” என்றார் பங்குச் சாமியார்.

“காவிரித் தண்ணி. விளையாடுறதுக்கு.”

தட்டிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

“ஒன் செபத்துக்கு அவ்வளவு வலு இருந்தா, இப்ப வரணும்னு வேண்டிக்க. மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு. அப்பாகிட்டயும் சொல்லிடு.”

மந்திரம் சுலபம், அப்பாதான் கஷ்டம். வறண்ட வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

“மேட்டூர்லேர்ந்து வர்ற தண்ணிய நீயா நிறுத்தி வெச்ச?” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, “எத்தனையில முடிச்ச?” என்று கேட்டார்.

“முப்பத்தெட்டு.”

“அது நல்லதா?”

“இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்லப்பா.”

“ஆடுறதே நீ ஒருத்திதான” என்று சொல்லிச் சிரித்தார். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, “எங்க, ஆடிக் காட்டு” என்றார். ஒன்பது குழியும் என்னோடு நடந்தார். கடைசிக் குழியில் மட்டையை வாங்கி அவரும் ஓங்கி ஒன்று வைத்தார். மண் பறந்தது, கொட்டை பிளந்தது. “மெதுவா அடிக்கணும் போலருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆடி கழிந்து தண்ணீர் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். செய்தி கேட்டதும் டப்பாக்களின் நினைவு வந்து, ஏர் ஏறி நசுக்கியிருக்கும் என்று பதறிக்கொண்டு ஓடிவந்தேன். ஒன்பது டப்பாவும் மண் போகக் கழுவி, எங்கள் கொல்லைச் சுவரின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த வருஷம் சம்பா சுமாராகத்தான் கண்டது. ஆனாலும் கண்டது.

எண்பதுகளில் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அலுவலக அதிகாரி ஒருவர் என் பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, மனைவியோடு நிஜமான கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். கோடை நண்பகலில் குழாய்கள் சுழன்று சுழன்று புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் போனால்தான் ஆட்டம் என்று வளர்ந்தவளுக்கு, ஆட்டத்துக்காகத் தண்ணீர் விடுகிறார்கள் என்பது விளங்கவே இல்லை. கோபம் வந்தது, எங்கள் மதகு கண்முன் வந்தது. அந்தக் கோபத்தோடு அடித்தால் மூன்று முறை பந்தே படவில்லை. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நாலாவது முறை, எதிரே இருப்பது புன்னைக்கொட்டை என்று நினைத்துக்கொண்டு மெல்ல அடித்தேன். பந்து தரையோடு நெடுந்தூரம் போயிற்று. பின்னாலேயே போனேன், ஓடாமல். அன்றிலிருந்து மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது அங்கே போகாமல் இருந்ததில்லை. அந்தக் குழாய்களைப் பார்த்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறாமைதான்.

வருஷம் தவறாமல் சித்திரை லீவில் ஊருக்குப் போய் டப்பாக்களைப் புதைத்து ஆடிவிட்டு வருவேன். மட்டை அங்கேயே இருக்கும். ஒரு வைகாசியில் அப்பாவிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. அம்மாவின் மூட்டுவலி, மாட்டுக்கு வைத்தியம் எல்லாம் எழுதி, கடைசியில் நுணுக்கி ஒரு வரி: ‘தண்ணீர் வர நாளாகும் என்கிறார்கள், சும்மா உட்கார்ந்து என்ன செய்வது, நேற்று அறுபத்திரண்டு.’

என்ன அறுபத்திரண்டு என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அடுத்த கார்டில் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து ஐம்பத்துநாலு. ஆபீஸில் எனக்குக் கார்டு வந்தால் பக்கத்து மேஜைக்காரிகள் “இன்னிக்கு எவ்வளவு?” என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஆனிக் கடைசியில் வந்த கார்டில் விசாரிப்பே இல்லை. இவ்வளவுதான் இருந்தது:

‘தண்ணீர் வந்துவிட்டது. டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டேன். ஐம்பத்தொன்றில் நிற்கிறேன். நாலு நாள் கழித்து வந்திருந்தால் ஐம்பதுக்குள் வந்திருப்பேன். சாமியாரிடம் சொல்லிவிடாதே.’